இத்தாலிய மொழியில் விளையாட்டுப் பேச்சு: தொடக்க நிலையினருக்கு ஒரு வழிகாட்டி

படிப்புக்காகவோ வேலைக்காகவோ இத்தாலிக்குச் சென்றவர்கள் முதல் சில மாதங்களில் தடுமாறுவது கடையிலோ அலுவலகத்திலோ அன்று. அங்கெல்லாம் என்ன பேச வேண்டும் என்பது முன்பே தெரிந்துதான் இருக்கும். தடுமாற்றம் வருவது, அண்டை வீட்டாரிடமோ பக்கத்து மேசையில் இருப்பவரிடமோ வணக்கம் சொல்லி முடித்த பிறகு வரும் அந்த வெற்று நிமிடத்தில்தான். வானிலை இரண்டு வாக்கியங்களில் தீர்ந்துவிடும். அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது. விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால், மீதியை எதிரில் இருப்பவரே பேசிவிடுவார். குறைவாகப் பேசி நிறையக் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இதைவிட வசதியான பொருள் வேறு கிடைக்காது.

நம்மில் பெரும்பாலோர் இத்தாலிய மொழியை ஆங்கிலப் பாடநூல் வழியாகவே கற்கிறோம். வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு இத்தாலியத்துக்கு மாற்றும் பழக்கம் அதனால் ஒட்டிக்கொள்கிறது. விளையாட்டுப் பேச்சைப் பொறுத்தவரை இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பதே என் கருத்து. இங்கே வேண்டிய வாக்கிய அமைப்புகளில் பல, தமிழில் இருப்பது போலவே இத்தாலியத்திலும் இருக்கின்றன. எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: ஒலியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

கீழே இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தமிழ் எழுத்துக்கு ஒரு குறை உண்டு. சொல்லின் நடுவில் ஒற்றை வல்லினம் வந்தால் நாம் அதை மென்மையாக உச்சரித்துவிடுவோம். அதைத் தவிர்க்கவே பல இடங்களில் இரட்டித்து எழுதியிருக்கிறேன். ஆகவே ஆட்டம் என்று பொருள்படும் ‘பர்த்தீத்தா’வில் உள்ள ‘த்தா’வை அழுத்தி நீட்டாமல் சட்டென்று சொல்ல வேண்டும். ஆனால் ல, ன, ம, ர ஆகியவை இரட்டித்திருந்தால் அவற்றை உண்மையாகவே இரட்டிக்க வேண்டும். ‘பல்லா’ என்றால் பந்து, ‘பாலா’ என்றால் மண்வாரி. பலி, பல்லி என்று வேறுபடுத்திக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய சிரமம் தராது. கால்பந்தைக் குறிக்கும் ‘கால்ச்சோ’, நீச்சல் குளத்தைக் குறிக்கும் ‘பிஷீனா’, உடற்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் ‘பலேஸ்த்ரா’ ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அணி என்று பொருள்படும் ‘ஸ்க்வாத்ரா’வில் வரும் ‘த்’ மட்டும் ‘பந்து’ என்பதில் வரும் ‘து’வின் ஒலியோடு வரும். இத்தகைய வேறுபாடுகளை எழுத்தால் முழுமையாகக் காட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் இணைய அகராதியில் ஒரு முறை ஒலிக்கவிட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: ‘எனக்குப் பிடிக்கும்’ என்று தொடங்குங்கள்

‘மி பியாச்சே இல் கால்ச்சோ’ என்றால் ‘எனக்குக் கால்பந்து பிடிக்கும்’. ‘மி’ என்பது ‘நான்’ அன்று, ‘எனக்கு’. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இந்த இடத்தில் வாரக்கணக்கில் திணறுவார்கள், ஏனென்றால் அங்கே ‘நான்’தான் எழுவாய். தமிழருக்கோ இது பிறந்ததிலிருந்து பேசிவரும் அமைப்பு. ‘தி பியாச்சே லோ ஸ்போர்த்?’ என்றால் ‘உனக்கு விளையாட்டு பிடிக்குமா?’, ‘லே பியாச்சே லோ ஸ்போர்த்?’ என்றால் ‘உங்களுக்கு விளையாட்டு பிடிக்குமா?’. பிடிக்காததைச் சொல்ல முன்னால் ‘நோன்’ சேர்த்தால் போதும்: ‘நோன் மி பியாச்சே கோர்ரெரே’, எனக்கு ஓடுவது பிடிக்காது.

தமிழோடு ஒத்துப்போகாத ஓர் இடமும் இதில் உண்டு. பிடித்தவை பன்மையாக இருந்தால் வினையும் பன்மைக்கு மாற வேண்டும். ‘மி பியாச்சொனோ ல்யி ஸ்போர்த் தி ஸ்க்வாத்ரா’ என்றால், எனக்கு அணியாக ஆடும் விளையாட்டுகள் பிடிக்கும்.

ஒருவர் தமக்குப் பிடித்ததைச் சொன்னதும் அதை ஆமோதிப்பதில்தான் தமிழின் உதவி நன்றாகத் தெரியும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று அவர் சொன்னால் நாம் ‘எனக்கும்’ என்போம். ‘நான் விளையாடுகிறேன்’ என்றால் ‘நானும்’ என்போம். இத்தாலியத்திலும் அப்படியே. முன்னதற்கு ‘ஆங்க்கே அ மே’, பின்னதற்கு ‘ஆங்க்கீயோ’. இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆங்கிலம் பேசுவோரிடம் சாதாரணமாகக் காணப்படும் பிழை. பிடிக்கவில்லை என்பதில் ஒத்துப்போக ‘நேஆங்க்கே அ மே’ என்றும், அவருக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ‘அ மே நோ’ என்றும் சொல்லலாம்.

மூன்றாம் படி: விளையாடுவதா, செய்வதா, போவதா?

பந்து, மட்டை, எதிரணி என்று இருக்கும் ஆட்டங்களுக்கு ‘ஜோக்காரே’, அதாவது விளையாடுதல். ‘ஜோக்கோ அ தென்னிஸ்’ என்றால் டென்னிஸ் விளையாடுகிறேன். ‘ஜோக்கோ அ பல்லவோலோ’ என்றால் கைப்பந்து விளையாடுகிறேன். நடுவில் வரும் ‘அ’வை விடக்கூடாது. யோகா, நீச்சல், உடற்பயிற்சி போன்றவற்றை நாம் விளையாடுவதில்லை, செய்கிறோம். அவர்களும் ‘ஃபாரே’, அதாவது செய்தல் என்ற வினையையே பயன்படுத்துகிறார்கள்: ‘ஃபாச்சோ யோகா’, ‘ஃபாச்சோ நுவோத்தோ’, ‘ஃபாச்சோ பலேஸ்த்ரா’. இசைக்கருவிக்கு வேறு வினை இருப்பதும் நம் ‘வாசிப்பது’ போலத்தான், ஆகவே கிதாரை ‘ஜோக்காரே’ செய்யும் தவறு தமிழில் யோசிப்பவருக்கு வராது. ‘நான்’ என்பதைச் சொல்லாமலே வினைமுற்றின் ஈற்றில் ஆள் தெரிந்துவிடுவதும் நமக்குப் பழக்கமானதே. ‘ஜோக்கோ’ என்றாலே ‘விளையாடுகிறேன்’. ‘ஜோக்கி’ என்றால் ‘விளையாடுகிறாய்’. ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஈயோ’ என்று தொடங்கினால், ‘நான்தான், நான்தான்’ என்று அழுத்திச் சொல்வது போல அவர்கள் காதில் விழும்.

மூன்றாவது வினை ‘அந்தாரே’, போதல். ‘வாதோ இன் பலேஸ்த்ரா’ (உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன்), ‘வாதோ இன் பிஷீனா’ (நீச்சல் குளத்துக்குப் போகிறேன்), ‘வாதோ இன் பீச்சி’ (சைக்கிளில் போகிறேன்), ‘வாதோ அல்லோ ஸ்தாதியோ’ (மைதானத்துக்குப் போகிறேன்). எங்கே ‘இன்’, எங்கே ‘அல்லோ’ என்பதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சொற்றொடராகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு பொறி மட்டும் உண்டு. ‘வாதோ அ கோர்ரெரே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘ஓடப் போகிறேன்’ என்று வரும். தமிழில் அது ‘இனிமேல்தான் ஓடுவேன்’ என்றும் பொருள்படும். இத்தாலியத்தில் அந்த எதிர்காலப் பொருள் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பி ஓட்டப் பயிற்சிக்குச் செல்வதையே அது குறிக்கும். தினமும் ஓடும் வழக்கத்தைச் சொல்லவும் இதே வாக்கியம்தான்.

நான்காம் படி: எத்தனை முறை, எவ்வளவு காலமாக?

‘மி அல்லேனோ த்ரே வோல்த்தே அல்லா செத்திமானா’ என்றால் ‘வாரத்துக்கு மூன்று முறை பயிற்சி செய்கிறேன்’. ஒரு முறை என்றால் ‘ஊனா வோல்த்தா’, இரண்டு முறை என்றால் ‘துவே வோல்த்தே’. தினமும் காலையில் என்பதற்கு ‘ஓஞ்ஞி மத்தீனா’, எப்போதாவது என்பதற்கு ‘ஓஞ்ஞி தாந்தோ’. கிழமையில் சற்றுக் கவனம் தேவை: ‘இல் சாபத்தோ’ என்றால் சனிக்கிழமைதோறும், ‘இல்’ இல்லாமல் ‘சாபத்தோ’ என்றால் இந்தச் சனிக்கிழமை மட்டும்.

‘த க்வாந்தோ தெம்போ ஜோக்கி?’, எவ்வளவு காலமாக விளையாடுகிறாய் என்ற கேள்விக்கு ‘ஜோக்கோ த துவே ஆன்னி’, இரண்டு ஆண்டுகளாக விளையாடுகிறேன் என்று நிகழ்காலத்திலேயே பதில் சொல்ல வேண்டும். நாமும் அப்படித்தான் சொல்கிறோம், ஆகவே இறந்தகாலத்தைத் தேடிப் போக வேண்டாம். இப்போதுதான் தொடங்கியவர் ‘ஓ அப்பேனா கொமின்ச்சாத்தோ’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

உடற்பயிற்சியே செய்யாதவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. ‘தோவ்ரேய் ஃபாரே பியூ ஸ்போர்த்’, அதாவது ‘இன்னும் கொஞ்சம் உடற்பயிற்சி செய்ய வேண்டும்தான்’ என்றால் போதும். எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் ‘ஆங்க்கீயோ’ என்று பெருமூச்சு விடுவார். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதையே செய்யுங்கள்.

ஐந்தாம் படி: நீயா, நீங்களா? கேள்வியைத் திருப்புவது எப்படி?

‘தூ’ என்பது நீ, ‘லேய்’ என்பது நீங்கள். உடற்பயிற்சிக் கூடத்திலும் விளையாட்டுத் திடலிலும் ஏறக்குறைய எல்லோரும் ‘தூ’ என்றே அழைத்துக்கொள்வார்கள். மாடிப்படியில் எதிர்ப்படும் வயதான அண்டை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் ‘லேய்’ என்று தொடங்குவதே முறை. அவராகவே ‘போஸ்ஸியாமோ தார்ச்சி தெல் தூ’ என்று, நீ நான் என்றே பேசிக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு மாறிக்கொள்ளுங்கள். வயதில் சிறியவர் முந்திக்கொண்டு அதைக் கேட்பது அவ்வளவு அழகாக இராது.

பதில் சொல்லி முடித்ததும் ‘எ தூ?’ அல்லது ‘எ லேய்?’ சேர்ப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு அசைகள் இல்லாவிட்டால் உரையாடல் விசாரணை போல ஆகிவிடும். அவர் பேசும்போது இடையிடையே ‘தாவ்வேரோ?’ (அப்படியா?), ‘கே பெல்லோ!’ (அருமை!), ‘பெக்காத்தோ!’ (அடடா, போச்சே!), ‘மேனோ மாலே!’ (நல்லவேளை!) ஆகிய நான்கையும் இடமறிந்து தூவினால், பாதி புரியாவிட்டாலும் பேச்சு தடைப்படாது. ஆணைப் பாராட்டும்போது ‘பிராவோ’, பெண்ணை என்றால் ‘பிராவா’. இந்த வேறுபாடு மனத்தில் நிற்காதவர் ‘கொம்ப்ளிமெந்தி!’ என்று சொல்லிவிடலாம். அது இருவருக்கும் பொது.

ஆறாம் படி: கால்பந்தைத் தொடாமல் இருக்க முடியாது

பேச்சைத் தொடங்க ‘சேக்வி இல் கால்ச்சோ?’, கால்பந்து பார்ப்பதுண்டா என்று கேளுங்கள். ஆம் என்றால் அடுத்தது ‘பெர் கே ஸ்க்வாத்ரா தீஃபி?’, எந்த அணிக்கு ஆதரவு என்பது. பதில் ‘தீஃபோ பெர் இல் நாப்பொலி’ என்பது போல வரும். உங்கள் அணியை முதலில் அறிவித்துவிடாதீர்கள். ரோம் நகரில் ரோமாவும் லாட்ஸியோவும், மிலானோவில் மிலானும் இன்டெரும், தொரீனோவில் யுவென்துஸும் தொரீனோவும், ஜேனொவாவில் ஜேனொஆவும் சம்ப்தோரியாவும் ஒரே ஊருக்குள் எதிரெதிராக நிற்பவை. ஊரை வைத்து அணியை ஊகிப்பதும் பலிக்காது; யுவென்துஸுக்கு நாடு முழுவதும், தெற்கிலும்கூட, ஏராளமான ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

அணியின் பெயருக்கு முன் ஒரு சுட்டுச்சொல் வரும், அதைத் தவறாமல் சேர்க்க வேண்டும்: இல் மிலான், இல் நாப்பொலி, லா ரோமா, லா யுவே, லின்டெர். வெறும் ‘ரோமா’ என்றால் நகரம். ‘லா ரோமா’ என்றால் அணி. மிலான் அணியின் பெயரை ‘மீலான்’ என்று முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள். 1899-இல் அதைத் தோற்றுவித்தவர்கள் அங்கே வாழ்ந்த ஆங்கிலேயர்கள் என்பதால் அதன் பெயரும் மிலானோ என்ற இத்தாலிய வடிவில் அமையவில்லை. 1908-இல் அதிலிருந்து பிரிந்தவர்களால் உருவானதே இன்டெர். இரண்டும் சான் சீரோ மைதானத்தையே பகிர்ந்துகொண்டு வந்தவை.

திங்கட்கிழமைக் காலையில் காப்பி குடிக்க நிற்கும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஆய் வீஸ்தோ லா பர்த்தீத்தா யேரி சேரா?’, நேற்று மாலை ஆட்டத்தைப் பார்த்தாயா என்பது. பார்க்காதவர் ‘கொமே ஃபினீத்தா?’, எப்படி முடிந்தது என்று கேட்கலாம். கோல் கணக்கை ‘துவே அ ஊனோ’ என்று, இரண்டுக்கு ஒன்று என்ற முறையில் சொல்வார்கள். ஆதரவாளர்கள் தாங்களே களத்தில் ஆடியது போல ‘அப்பியாமோ வீந்தோ’ (ஜெயித்துவிட்டோம்), ‘அப்பியாமோ பெர்ஸோ’ (தோற்றுவிட்டோம்), ‘அப்பியாமோ பரெஜ்ஜாத்தோ’ (சமனில் முடித்தோம்) என்று பன்மையில் பேசுவார்கள். தோல்வி என்றால் பழி நடுவர்மேல், அதாவது ‘ஆர்பித்ரோ’மேல் விழும். அப்போது ‘நோன் ஏரா ரிகோரே!’, அது பெனால்ட்டியே இல்லை என்று அவர் கொதிப்பார். தலையசைத்து ‘பெக்காத்தோ’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கால்பந்து தெரியாதவர் ‘நோன் மே நே இந்தெந்தோ’, அதில் எனக்கு விவரம் போதாது என்று ஒப்புக்கொண்டு, ‘மி ஸ்பியேகி?’, எனக்கு விளக்குவாயா என்று கேட்டுவிடலாம். விளக்கச் சொன்னால் மறுக்கும் ஆதரவாளரை நான் பார்த்ததில்லை.

தேசிய அணியை ‘ல்யி அட்ஸூர்ரி’, நீல நிறத்தார் என்பார்கள். 1910-இல் பிரான்ஸுக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்தில் அவர்கள் அணிந்தது வெள்ளை. 1911-இல் வந்த நீலம் அப்போதைய சவோயா அரச குலத்தின் நிறம். உலகக் கோப்பையை 1934, 1938, 1982, 2006 ஆகிய ஆண்டுகளில் வென்றிருக்கிறார்கள். முப்பதைத் தாண்டியவரிடம் ‘தி ரிகோர்தி இல் துவெமிலாசேய்?’, 2006 நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெர்லினில் பிரான்ஸைப் பெனால்ட்டி உதைகளில் வென்ற அந்த ஜூலை இரவில் தாம் எங்கே, யாரோடு இருந்தோம் என்பதை அவர் சொல்லத் தொடங்கிவிடுவார். இறந்தகால வினைகள் நமக்குப் புரியத் தொடங்குவதும் இப்படிப்பட்ட கதைகளால்தான். மாறாக, 2018, 2022 உலகக் கோப்பைகளுக்கு இத்தாலி தகுதி பெறாமல் போன செய்தியை நீங்களாக எடுக்க வேண்டாம். யாராவது எடுத்தால் ‘லஷாமோ பெர்தெரே’, அதை விடுங்கள் என்ற பதிலோடு பேச்சு மாறும்.

பேச்சு ஓரளவு பழகியதும், ‘ஜோக்கியாமோ அ கால்ச்செத்தோ ஜோவெதீ, ச்சி மாங்கா ஊனோ. வியேனி?’ என்று ஓர் அழைப்பு வரக்கூடும். ‘கால்ச்செத்தோ’ என்பது அணிக்கு ஐவர் ஆடும் சிறு கால்பந்து. வியாழக்கிழமை ஆடுகிறோம், ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா என்பது பொருள். சம்மதம் என்றால் ‘வொலெந்தியேரி!’, இல்லையென்றால் ‘மகாரி உன் ஆல்த்ரா வோல்த்தா’, இன்னொரு முறை பார்க்கலாம். திறமையைப் பற்றித் தயக்கம் இருந்தால் ஆண்கள் ‘ஸோனோ ஸ்கார்ஸோ’ என்றும் பெண்கள் ‘ஸோனோ ஸ்கார்ஸா’ என்றும் சொல்லிவைக்கலாம்: நான் சுமாராகத்தான் ஆடுவேன். போவது நல்லது என்பேன். ஒரு மணி நேரக் கால்ச்செத்தோவில் காதில் விழும் கட்டளைச் சொற்கள் ஒரு பாடம் முழுவதிலும் கிடைக்காது.

ஏழாம் படி: கால்பந்துக்கு வெளியே

எல்லோருக்கும் கால்பந்து பிடிக்காது. டென்னிஸைத் தொட வேண்டுமானால் யானிக் சின்னெரின் பெயர் போதும். 2024-இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்று, அதே ஆண்டு ஆடவர் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இத்தாலியர் அவர். 2025-இல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தையும் வென்றார். கைப்பந்து பேசுவோரிடம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் அணி வென்ற தங்கத்தைப் பற்றிக் கேட்கலாம். பெரியவர்களிடம் சைக்கிள் பந்தயம் நன்றாக எடுபடும். 1909-இல் தொடங்கிய ‘ஜீரோ திதாலியா’ பெரும்பாலும் மே மாதத்தில் மூன்று வாரம் நடக்கும். முன்னணியில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையான ‘மால்யா ரோஸா’, அந்தப் பந்தயத்தை நடத்தத் தொடங்கிய ‘காட்ஸெத்தா தெல்லோ ஸ்போர்த்’ நாளிதழின் தாள் நிறம். காப்பிக் கடை மேசையில் அந்த இளஞ்சிவப்பு நாளிதழ் கிடந்தால், ‘போஸ்ஸோ?’, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதும் ஒரு தொடக்கந்தான். குளிர்காலத்தில் ‘வாய் அ ஷியாரே?’, பனிச்சறுக்குக்குப் போவதுண்டா என்று கேட்டால், ‘செத்திமானா பியாங்கா’ என்ற சொல் பதிலில் வரலாம். பனிமலையில் கழிக்கும் ஒரு வார விடுமுறைக்கு அதுவே பெயர்.

கிரிக்கெட் பிரியர்கள் ‘இல் கிரிக்கெத் எ மோல்த்தோ பொப்போலாரே நெல் மீயோ பயேஸே’, என் நாட்டில் கிரிக்கெட் மிகப் பிரபலம் என்று சொல்லலாம். ஆனால் விதிகளை விளக்கத் தொடங்குவது தொடக்க நிலை மொழிக்குத் தாங்காது. 2026 இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு இத்தாலி முதல்முறையாகத் தகுதி பெற்றதைச் சொன்னால் அவர்களில் பலர் வியப்படைவார்கள். பேச்சு அங்கிருந்து தானே நகரும்.

எட்டாம் படி: உடற்பயிற்சிக் கூடத்துக்குள்

முதல் பேச்சு வரவேற்பு மேசையில் நடக்கும். ‘வொர்ரேய் இன்ஃபொர்மாட்ஸியோனி சுல்லப்பொனமெந்தோ’, உறுப்பினர் கட்டணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தொடங்குங்கள். ‘ச்சே ஊனா லெட்ஸியோனே தி ப்ரோவா?’ என்று கேட்டால், சேருவதற்கு முன் ஒரு வகுப்பை முயன்று பார்க்க வாய்ப்பு உண்டா என்பது தெரிந்துவிடும். பல இடங்களில் ‘செர்த்திஃபிகாத்தோ மேதிகோ’, மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். முன்கூட்டியே வாங்கிவைப்பது அலைச்சலைக் குறைக்கும். நீச்சல் குளம் என்றால் தலையுறையான ‘குஃப்யா’ பெரும்பாலும் கட்டாயம்.

உள்ளே போனதும் பேச்சு கருவியைச் சுற்றித்தான் தொடங்கும். ஒருவர் பலகையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் சென்று இவ்வாறு கேட்கலாம்.

— ஸ்கூஸா, ஆய் ஃபினீத்தோ? (மன்னிக்கணும், முடிச்சிட்டியா?)
— நோ, ஆங்க்கோரா துவே சேரியே. (இல்லை, இன்னும் இரண்டு சுற்று இருக்கு.)
— ச்சி அல்தெர்னியாமோ? (மாத்தி மாத்திச் செய்யலாமா?)
— சி, செர்த்தோ, ஃபாய் பூரே. (ஆமாம், தாராளமாச் செய்.)
— கிராட்ஸியே. தி அல்லேனி ஸ்பெஸ்ஸோ க்வி? (நன்றி. இங்கே அடிக்கடி வருவியா?)
— த்ரே வோல்த்தே அல்லா செத்திமானா. எ தூ? (வாரத்துக்கு மூணு முறை. நீ?)
— ஓ அப்பேனா கொமின்ச்சாத்தோ. மி ஃபான்னோ ஜா மாலே லே காம்பே! (இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். அதுக்குள்ள கால் வலிக்குது!)
— நோர்மாலே! தாய், ஃபோர்ட்ஸா! (அது அப்படித்தான்! ம், விடாதே!)

கடைசி வரியில் வரும் ‘தாய்’ நம் அன்னையைக் குறிப்பதன்று. ‘பந்து’ என்பதில் வரும் அந்த மெல்லிய ஒலியோடு சொன்னால், ‘டேய்’ என்று யாரோ கூப்பிடுவது போலத்தான் காதில் விழும். ஊக்கப்படுத்தவும், அவசரப்படுத்தவும், நம்ப முடியாததைக் கேட்டு ‘அட, போ!’ என்னவும் அதே சொல்தான். தொனியை வைத்துப் பிரித்தறிய வேண்டும். எடை தூக்கும்போது துணை தேவைப்பட்டால் ‘மி தாய் ஊனா மானோ?’ என்று கேளுங்கள். அது அப்படியே நம் ‘ஒரு கை கொடுக்கிறாயா?’தான்.

வியர்வைத் துண்டு, அதாவது ‘அஷுகமானோ’ இல்லாமல் பலகையில் படுப்பதை முகம் சுளித்துப் பார்ப்பார்கள். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவரிடம் கருவியைப் பற்றிக் கேட்பதோடு நின்றுவிடுங்கள். அரட்டைக்கு உடை மாற்றும் அறையே பொருத்தம். எந்த இடமானாலும் மற்றவரின் எடையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். பாராட்டத் தோன்றினால் ‘தி த்ரோவோ இன் ஃபோர்மா’, நல்ல கட்டுடலோடு தெரிகிறாய் என்பதற்கு மேல் போகத் தேவையில்லை.

வலியைச் சொல்லும் முறையும் தமிழ் வழிதான்: ‘மி ஃபா மாலே லா ஸ்கியேனா’, எனக்கு முதுகு வலிக்கிறது. வலிப்பது இரண்டு கால்கள் என்றால் மேலே கண்டது போல ‘மி ஃபான்னோ மாலே’ என்று பன்மைக்கு மாறும். யாராவது அடிபட்டதாகச் சொன்னால் ‘மி திஸ்பியாச்சே’ என்று வருத்தம் தெரிவித்து, ‘ரிமெத்தித்தி ப்ரெஸ்தோ’, சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்துங்கள்.

கூடத்துக்கே போகாதவர்களோடும் பேச வழி உண்டு. ‘கம்மீனோ மோல்த்தோ’, நிறைய நடக்கிறேன் என்பது மதிப்பான பதில். மாலையில் நகர மையத்தில் உலாவும் வழக்கம் பல ஊர்களில் இருப்பதால், அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் ‘ஃபாச்சாமோ துவே பாஸ்ஸி?’ என்று கேட்கலாம். நேர்ப்பொருள் இரண்டு அடி வைப்போமா என்பது. நாம் சொல்லும் ‘நாலு எட்டு நடந்துவிட்டு வரலாமா’ என்பதே கருத்து. அந்த இரண்டு அடி ஒரு மணி நேரமாவதும் உண்டு.

ஒன்பதாம் படி: விடைபெறுதல்

‘தேவோ அந்தாரே’, போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, பயிற்சியைத் தொடர்பவரிடம் ‘புவோன் அல்லெனமெந்தோ!’ என்று வாழ்த்தலாம். உங்களுக்கு யாராவது அதைச் சொன்னால், இருவரும் பயிற்சி தொடங்குகிறீர்கள் என்றால் ‘அல்த்ரெத்தாந்தோ’, உனக்கும் அப்படியே என்று பதில் சொல்லுங்கள். அவர் குளித்து முடித்துக் கிளம்புகிறார் என்றால் வெறும் ‘கிராட்ஸியே’ போதும்.

போட்டிக்குப் போகிறவரிடம் ‘இன் போக்கா அல் லூப்போ’ என்பார்கள். ஓநாயின் வாய்க்குள் போ என்று பொருள். ஆனாலும் அது வெற்றி வாழ்த்து. மரபான பதில் ‘கிரேப்பி!’, ஓநாய் சாகட்டும். இந்த வாழ்த்துக்கு நன்றி சொன்னால் அதிர்ஷ்டம் கெடும் என்று நம்புவோர் இன்னும் இருப்பதால் ‘கிரேப்பி’ என்பதே பாதுகாப்பு.

பிரிவதற்கு முன் ‘க்வாந்தோ ஜோக்காதே?’ என்ற கேள்வியின் ‘தோ’வைப் ‘பந்து’வின் ஒலியோடு சொல்லி, அவர்களின் அடுத்த ஆட்டம் எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை நாட்காட்டியில் குறித்துவைத்தால், மறுபடி பார்க்கும்போது ‘கொமே அந்தாத்தா?’, எப்படிப் போயிற்று என்று நேராகவே பேச்சைத் தொடங்கிவிடலாம்.